விற்ற கிலோவுக்குத்தான் கணக்கு

காளான் வளர்ப்பில் இறங்க நினைப்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கணக்குத் தாள் இருக்கும். ஒரு படுக்கைக்கு (வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த ஒரு பைக்கு) ஆகும் செலவு, ஒரு படுக்கையில் கிடைக்கும் காளான், கடையில் ஒரு கிலோவின் விலை. மூன்றையும் பெருக்கிக் கழித்தால் மாத வருமானம். அந்தத் தாளில் உள்ள எண்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. விளைச்சல் சரியாக இருக்கலாம், விலையும் சரியாக இருக்கலாம். ஆனாலும் அந்த வருமானம் கைக்கு வராது, ஏனென்றால் தாளில் இருப்பது பறித்த கிலோ. பணமாவது விற்ற கிலோ. நெல்லிலும் மஞ்சளிலும் இந்த இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. ஈரோட்டில் மஞ்சள் விலை சரியில்லை என்றால் குடோனில் போட்டுவிட்டு அடுத்த வருஷம் வரைகூடப் பொறுத்துப் பார்க்கலாம். சிப்பிக் காளானில் அந்த அவகாசம் ஒரு நாள். பிரிட்ஜ் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். சிறிய அளவில் காளான் வளர்ப்பவரின் லாபத்தைக் காளான் வளரும் குடிலைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பறித்த பிறகு வரும் அந்த ஒரு நாள் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் என்னுடைய உறுதியான கருத்து. எத்தனை படுக்கை போடலாம் என்ற கேள்வியில் தொடங்குகிறவர்கள் தவறான முனையில் தொடங்குகிறார்கள். நாளைக் காலையில் எத்தனை கிலோ விற்கும் என்பதுதான் முதல் கேள்வி.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். தினம் 10 படுக்கை போடுகிறோம். ஒரு படுக்கைக்கு காய்ந்த வைக்கோல் 1 கிலோ, வாடகை வண்டியோடு சேர்த்து 10 ரூபாய். வித்து ஒரு பாக்கெட் 45 ரூபாய் என்றால் இரண்டு படுக்கைக்கு ஒன்று, ஆக 5 பாக்கெட்டுக்கு 225. பாலிதீன் பை 40. வைக்கோல் வேகவைக்க விறகு, மோட்டார் கரண்ட், குடில் சுத்தம் செய்யும் மருந்து எல்லாம் சேர்ந்து 60. பச்சைப் பூசணம் பிடித்துத் தூக்கி எறியும் படுக்கைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு படுக்கைக்கு 750 கிராம், ஆக தினம் ஏழரைக் கிலோ. அதை 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டு லேபிள் ஒட்ட 95. கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க பெட்ரோல் 80. கீற்று வேய்ந்த மூங்கில் குடில், டிரம், தெளிப்பான், பிரிட்ஜ் எல்லாம் 1,70,000 ரூபாய் என்று வைத்து, ஈரத்தில் கீற்றும் மூங்கிலும் மூன்று வருஷம் தாங்கும் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 155. இதுவரை 755 ரூபாய். வைக்கோல் வேகவைப்பது, உலர்த்துவது, படுக்கை போடுவது, தண்ணீர் தெளிப்பது, பறிப்பது, பாக்கெட் போடுவது, விற்பது எல்லாவற்றுக்கும் ஒன்றரை ஆள் வேண்டும். ஆளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் 750. மொத்தம் 1,505 ரூபாய். ஏழரைக் கிலோவால் வகுத்தால் ஒரு கிலோவின் அடக்கம் 200 ரூபாய்.

கடைக்காரர் வாடிக்கையாளருக்கு 200 கிராம் பாக்கெட்டை 50 ரூபாய்க்கு விற்றால் நமக்கு 40 ரூபாய் தருவார். அதாவது கிலோவுக்கு 200. அடக்கமும் அதே. பறித்த எல்லாம் விற்றால்கூட, கூலி போக லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது தினம் ஒரு கிலோ மட்டும் விற்கவில்லை என்று வையுங்கள். செலவு ஒரு பைசா குறையாது, வரவு 1,300 ஆகிவிடும்; நாளுக்கு 200 ரூபாய் கைநஷ்டம். அந்த ஒரு கிலோ எப்படி விற்காமல் போகும் என்று கேட்பவருக்குக் கடைகளின் வழக்கம் தெரியாது. மளிகைக் கடையும் பழமுதிர் நிலையமும் சிறு வியாபாரியிடம் காளானை ரொக்கத்துக்கு வாங்குவது அபூர்வம். பத்துப் பாக்கெட் வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் விற்றதற்குக் காசு, விற்காதது ரிட்டர்ன். ரிட்டர்ன் வரும் பாக்கெட்டில் நம் வைக்கோலும் வித்தும் கூலியும் மட்டுமில்லை, அதன்மேல் ஒட்டிய லேபிளும், அதைக் கொண்டுபோய் வைத்த பெட்ரோலும் இருக்கின்றன. குடிலில் அழுகிய காளானைவிடக் கடையில் அழுகிய காளான் அதிக நஷ்டம். அதே ஏழரைக் கிலோவை வீடுகளுக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் நேராகக் கொடுத்து கிலோவுக்குச் சராசரி 280 ரூபாய் வாங்கினால் வரவு 2,100. கூலி போக நாளுக்கு 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். விளைச்சல் மாறவில்லை, குடில் மாறவில்லை. போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தான் மாறியது.

இதற்கு வரும் முதல் மறுப்பு விளைச்சலைப் பற்றியது. 750 கிராம் எடுப்பதால்தான் இந்த நிலை, தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒரு கிலோ எடுப்பார், அடக்கம் இறங்கிவிடும் என்பார்கள். நல்ல வைக்கோல், இளம் வித்து, சுத்தமான குடில் இருந்தால் ஒரு கிலோ வைக்கோலுக்கு ஒரு கிலோ காளான் எடுக்க முடியும் என்பது உண்மை. அப்போது நாளுக்கு 10 கிலோ, அடக்கம் கிலோவுக்கு 155 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஊரில் விற்பது ஏழு கிலோதான் என்றால் கூடுதலாக வந்த மூன்று கிலோவும் குப்பைக்குப் போகும், வரவு 1,400-ஐத் தாண்டாது. விளைச்சலைக் கூட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடிய விளைச்சலை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் வேறுபடுகிறேன். ஒரு படுக்கை ஒரு கிலோ தரத் தொடங்கினால் முதலில் படுக்கையைக் குறைக்க வேண்டும். பத்துக்குப் பதில் ஏழெட்டு போட்டால் விற்பனை அப்படியே இருக்கும், வைக்கோலிலும் வித்திலும் மட்டும் நாளுக்கு நூறு ரூபாய் மிச்சம், ஒரு ஆளின் அரை நாள் மிச்சம். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. நன்றாக விளைந்த மாதத்தில் குடிலை நீட்டுகிறார்கள்.

விளைச்சலுக்காகச் செய்யும் சில வேலைகள் விற்பனையை நேராகவே கெடுக்கும். பறிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பையின் துளை வழியாக மொட்டு எட்டிப் பார்த்த மூன்றாம் நாள் சிப்பிக் காளான் பறிக்கத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் அதன் ஓரம் கீழ்நோக்கி லேசாக மடங்கியிருக்கும், விரல் வைத்தால் சதைப்பிடிப்பு தெரியும். இன்னும் அரை நாள் விட்டால் இதழ் தட்டையாக விரிந்து, ஓரம் மேலே திரும்பி, மெல்லிய வெடிப்பு விழும். கீழ்ப் படுக்கையின் மேல் மாவு தூவியதுபோல் வித்துத்தூள் படியும். விரிந்தது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் கடையில் அதன் ஆயுள் பாதிதான். அந்தத் தூள் மூச்சுக்குழலுக்கும் ஆகாது. காற்றோட்டம் குறைந்த குடிலில் முகக்கவசம் இல்லாமல் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு இருமலும் ஒவ்வாமையும் வருவது தெரிந்த விஷயம். தண்ணீரும் அப்படித்தான். பறிக்கும் முன் தெளித்தால் காளான் ஈரத்தைக் குடித்து எடை கூடும். பையில் அடைத்த கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் வியர்த்து உள்சுவரில் முத்து முத்தாக நிற்கும், சாயங்காலத்துக்குள் செவுள்கள் மஞ்சளாகி வாடை வரும். காலையில் கூடிய ஐம்பது கிராமுக்காக மறுநாள் ஒரு கடையையே இழக்கிறோம். பறித்த பிறகுதான் படுக்கைக்குத் தண்ணீர். காம்பில் ஒட்டிய வைக்கோலை நறுக்கி எறிவதால் எடை குறையும், ஆனால் வீட்டில் அதை நறுக்குகிறவர் அடுத்த வாரம் நம் பாக்கெட்டை எடுக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு விற்காமல் போகிறது, தேவை இல்லையா என்றால், தேவை இருக்கிறது. ஆனால் அது நம் படுக்கையின் காலத்தோடு ஒத்துவருவதில்லை. இன்று போட்ட படுக்கையில் வெள்ளைப் பூசண இழை வைக்கோல் முழுக்கப் பரவ 15 முதல் 20 நாள். முதல் அறுவடை மூன்று வாரம் கழித்து, அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக இரண்டாம், மூன்றாம் அறுவடை. சந்தையோ நாள் பார்த்து நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகிற வீடு, வெள்ளியும் சனியும் காளான் வாங்கும். புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகள் வாங்கும். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு வேண்டிய காளானை ஆவணி பாதியிலேயே படுக்கையாகப் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் உண்டு. புரட்டாசி பிறந்த வாரமே படுக்கையைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கடை கடையாகக் கேட்டு வாங்கும்போது குறைக்க மனம் வராது. ஆனால் அந்த வாரம் போட்ட படுக்கை முதல் அறுவடையைப் புரட்டாசிக் கடைசியில் தந்துவிட்டு, மற்ற இரண்டையும் ஐப்பசியில் தரும். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு ஊரே கறிக்கடையில் நிற்கும். அதே ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்து காற்றில் ஈரம் நிறைந்து, காளானுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை என்னும்படி மொட்டு வெடிக்கும். நன்றாக விளையும் காலமும் நன்றாக விற்கும் காலமும் விலகி நிற்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான இடம். சித்திரைக் கத்திரியில் நேர் எதிர்: கேட்பார் இருப்பார்கள், குடில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி மொட்டுகள் கருகும். கொங்குப் பக்கம் ஆடிக் காற்று சாக்குத் திரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும்.

அப்படியென்றால் பால் காளான் போடலாமே என்பது நியாயமான கேள்வி. மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகமான இந்த வெள்ளைக் காளானை வணிகப் பயிராக்கியதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும், சிப்பியைவிடப் பல நாள் கெடாமல் இருக்கும். என் வாதத்துக்கு இதுவே துணை: பால் காளானின் மேன்மை விளைச்சலைவிட அந்தக் கூடுதல் நாட்களில்தான் இருக்கிறது. ஒரு ரிட்டர்ன் பாக்கெட்டை இன்னொரு கடையில் வைக்க அது இடம் தருகிறது. ஆனால் பூசணம் பரவிய படுக்கையை வெட்டி, வேகவைத்த மண்ணால் மேலே இரண்டு சென்டிமீட்டர் மூட வேண்டும். வேலையும் நாளும் கூடும், மண் சரியாக வேகவில்லை என்றால் படுக்கையே போய்விடும். வெயில் காலத்துக்குப் பால் காளான், மழைக்கும் பனிக்கும் சிப்பி என்று மாற்றிக்கொள்வது சமவெளியில் இருப்பவருக்குப் பொருந்தும். மொட்டுக் காளானை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் செய்யட்டும். அதற்கு மக்கிய உரமும் 16 முதல் 18 டிகிரி குளிரும் வேண்டும். சமவெளியில் ஏசி வைத்துச் செய்யும் பெரிய பண்ணைகளோடு கீற்றுக் குடில் மோத முடியாது. நகரத்துக் கடைகளில் காளான் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது மொட்டுக் காளானைத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காளான் சாப்பிடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள் என்ற பேச்சு உண்மைதான், அந்தப் பெருக்கத்தின் பெரும்பங்கை நீலத் தட்டு டப்பாவில் வரும் அந்த மொட்டுக் காளான்தான் எடுத்துக்கொள்கிறது.

மிஞ்சியதைக் காயவைத்து விற்கலாம், ஊறுகாய் போடலாம், சூப் பொடி செய்யலாம் என்பது பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் விடை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. அடக்கமே கிலோவுக்கு 200 என்றால் காய்ந்த ஒரு கிலோவில் 2,000 ரூபாய் உட்கார்ந்திருக்கிறது, உலர்த்தும் செலவு தனி. சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் வாங்கும் நம் சமையலறையில் காய்ந்த காளானுக்கு இன்னும் இடம் அமையவில்லை. அதை வாங்கும் ஆளைத் தேடுவது பச்சைக் காளானை விற்பதைவிடப் பெரிய வேலை. வீணாகப் போவதில் கொஞ்சம் காசு மீட்க இது உதவும். இதையே நம்பிப் படுக்கையைக் கூட்டக் கூடாது. குடில் கட்ட அரசு தரும் மானியம் பற்றியும் இதே தெளிவு வேண்டும். மேலே போட்ட கணக்கில் குடிலின் பங்கு 1,505-இல் 155 ரூபாய். குடில் முழுக்க இலவசமாகவே கிடைத்தாலும் அடக்கம் 180-க்குத்தான் இறங்கும். தினம் ஒரு கிலோ ரிட்டர்ன் வந்தால் அந்த மானியம் அதிலேயே போய்விடும். அதைவிட மோசம், மானியத்துக்காகத் தேவைக்கு மேல் பெரிய குடில் கட்டுவது.

விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வித்து விற்பவர்களும் பயிற்சி நடத்துபவர்களும் தரும் வாக்குறுதியைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். அந்த வாக்கை நம்பி நகையை அடகு வைத்துக் குடில் கட்டுபவர்கள் எளிய குடும்பங்கள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். படுக்கைச் செலவில் பாதிக்கு மேல் வித்து. எனவே இந்தத் தொழிலில் நிச்சயமான, கெடாத வருமானம் வித்து விற்பவருக்கும் பயிற்சி நடத்துபவருக்கும் இருக்கிறது. அவர்களில் நேர்மையானவர்கள் பலர்; நல்ல வித்து கிடைக்கவில்லை என்றால் எங்களில் யாராலும் தொழில் செய்ய முடியாது. ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவர் தினம் ஐந்து கிலோ சிப்பிக் காளானை எப்படி எடுத்துப்போவார், யாருக்கு விற்பார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் சொந்தமாகக் காளான் விற்கும் நான்கு கடைகளின் பெயரைச் சொல்ல முடிந்தால் பேச்சைத் தொடரலாம். வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பல்கலைக்கழகத்திலும் குறைந்த கட்டணத்தில் பயிற்சி கிடைக்கிறது. வளர்ப்பதைக் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

கடைசியாக, என்னை உண்மையில் யோசிக்கவைக்கும் மறுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெண் செய்கிற வேலைக்குக் கூலி போட்டு லாபம் இல்லை என்று சொல்வது சரியா? கூலியைக் கழிக்காமல் பார்த்தால் அதே கணக்கில் 1,500 வரவு, 755 செலவு. நாளுக்கு 745 ரூபாய், மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் குடும்பத்துக்கு வருகிறது. குழந்தையை விட்டுவிட்டு மில்லுக்கோ கம்பெனி வேனிலோ போக முடியாத ஒருவருக்கு இது சிறிய தொகை இல்லை. நானும் இதைக் குறைத்து மதிப்பிடவில்லை. வாசலைத் தாண்டாமல் ஒன்றரை ஆளுக்குக் கௌரவமான கூலி தரும் தொழில் என்று காளான் வளர்ப்பைச் சொன்னால் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன். ஆனால் அதைக் கூலி என்றே தெரிந்து செய்ய வேண்டும். லாபம் என்று நினைப்பவர் அந்த 22,000-ஐ நம்பி வட்டிக்கு வாங்குவார், ஆள் வைத்து இருமடங்காக்கலாம் என்று நினைப்பார். ஆள் வைத்த அன்றே அந்தப் பணம் ஆளுக்குப் போய்விடும். கூலி என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு: என் ஒரு மணி நேரத்துக்கு எந்த வேலையில் அதிகம் கிடைக்கிறது? பதில் அநேகமாக விற்கும் வேலையில்தான் இருக்கும். பத்தாவது படுக்கையைப் போடும் முக்கால் மணி நேரத்தில், பக்கத்துத் தெருவில் நான்கு வீடுகளுக்குப் பாக்கெட்டைக் கொண்டுபோய், இதைக் கத்தி இல்லாமல் கையால் நீளமாகக் கிழித்து, ஊறவைக்காமல் ஒரு தரம் அலசி, அதிகத் தீயில் மிளகு போட்டு வதக்குங்கள் என்று சொல்லிக் கொடுத்தால், அந்த நான்கு வீடும் வாரா வாரம் கிலோ 280 ரூபாய் விலையில் வாங்கும். மழைக்குப் புற்றுக் காளான் பறித்துத் தின்று வளர்ந்த ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் எளிது. சிப்பியின் மெல்லிய சதையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ஒரு தரம் சமைத்துவிட்டால் மறுபடி வருவார்கள்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வழக்கமானதற்குத் தலைகீழாக இருக்கும். குடில் கட்டும் முன், பயிற்சிக்கும் முன், பக்கத்து ஊரில் காளான் வளர்ப்பவரிடம் தினம் இரண்டு கிலோ ரொக்கத்துக்கு வாங்கி ஒரு மாதம் விற்றுப் பாருங்கள். எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் போகிறது, எந்தக் கடை ரிட்டர்ன் தருகிறது, எந்த வீடு மறுபடி கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் இரண்டு கிலோவும் நிலையாக விற்றால், வீட்டில் வெயில் படாத ஒரு அறையில் மணல் பரப்பி, சாக்குத் திரை கட்டி, தினம் மூன்று படுக்கையில் தொடங்கலாம். விட்டு விட்டுப் போடக் கூடாது. ஒரு வாரம் படுக்கை போடாத இடைவெளி, மூன்று வாரம் கழித்து கடையில் காலி இடமாகத் தெரியும், அந்த இடத்தில் வேறொருவர் பாக்கெட் உட்கார்ந்துவிடும். வைக்கோலைத் தை அறுப்பில், மழை படாததாக, வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தடவையாக வாங்கி மேடை போட்டு அடுக்கிவிடுங்கள். நோட்டில் ரிட்டர்ன் என்ற பத்தி மூன்று மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால் நான்காவது படுக்கைக்கு வைக்கோலை நனைக்கலாம்.